நான் வீசியெறிந்த பழுப்புக் கட்டிகள்

செடிச் சதை வளர்க்கிற எங்கள் கல்ச்சர் அறைக்குப் புதிதாக ஒரு கேமரா இயந்திரம் வந்திருக்கிறதாம். தட்டை அதன் அடியில் வைத்தால் எந்தக் கட்டியை எடுக்க வேண்டும், எதை வீச வேண்டும் என்று அதுவே வட்டம் போட்டுக் காட்டிவிடுகிறதாம். நிவேதா போனில் சொன்னாள். என்னிடம் வேலை கற்றுக்கொண்டு இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். "அக்கா, இத்தன வருசமா வெறுங் கண்ணால பாத்தே எடுத்தீங்களே, எப்புடிக்கா? ஒங்க அனுபவத்த எழுதிக் குடுங்க, நம்ம கம்பெனி மலர்ல போடுவோம்" என்றாள்.

எழுதுகிறேன். ஆனால் நிவேதா எதிர்பார்க்கிற கட்டுரை இது இல்லை. படித்து முடித்தபின் அச்சில் ஏற்றுவதா, கிழித்துப் போடுவதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்தி, "லூர்து மேரி அக்கா கண்ணுக்குத் தப்பி ஒரு கட்டி போகாது" என்று மைக்கில் பேசினார்கள். கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் கூட்டத்திலிருந்து யாராவது எழுந்து "அப்ப தனலெட்சுமி?" என்று கேட்டுவிடுவார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை. அந்தப் பெயர் தெரிந்தவர்கள் அங்கே யாரும் மிச்சமில்லை.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. ஆவூர்ப் பக்கத்துக்காரி. அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. தாவரவியல் படித்துவிட்டு வீட்டில் இருந்தபோது, புதுக்கோட்டைக்கு வெளியே ஒரு மருந்துக் கம்பெனியில் செடி சம்பந்தப்பட்ட வேலைக்குப் பெண்கள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். என்ன செடி என்று அம்மா கேட்டார். நித்தியகல்யாணி என்றேன். "சுடுகாட்டு மல்லியா? அதக் கல்லறையிலல்ல நட்டு வைப்போம். அத வச்சா மருந்து செய்றாக? பாத்துடி" என்று சிலுவை போட்டுக்கொண்டார். போதாதா எனக்கு! முதல் நாளே பயத்தோடுதான் உள்ளே போனேன்.

நித்தியகல்யாணி வேரில் ஒரு சத்து இருக்கிறது. ரத்தக் குழாயை இளக்கி, மூளைக்கு ரத்தம் ஒழுங்காகப் போக வைக்கும் மருந்துக்கு அது வேண்டும். வயலில் செடி வளர்த்து, வேரைப் பிடுங்கிக் காய்ச்சினால் கொஞ்சூண்டுதான் கிடைக்கும். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. அதனால் செடியை விட்டுவிட்டுச் செடியின் சதையை மட்டும் வளர்ப்பது எங்கள் வேலை. வேரின் ஒரு சிறு துண்டை எடுத்து, சர்க்கரையும் சத்து உப்புகளும் வளர்ச்சி ஊக்கியும் கலந்து, மூடியுள்ள கண்ணாடித் தட்டில் ஊற்றிய கூழின் மேல் வைத்தால், இலையும் தண்டும் இல்லாமல் கட்டி கட்டியாகச் சதை பெருகும். இந்தக் கூழுக்கு மீடியா என்று பெயர். மூன்று வாரத்துக்கொரு முறை கட்டியைப் பிட்டுப் புது மீடியாவுக்கு மாற்ற வேண்டும். அப்படி மாற்றி மாற்றி உயிரோடு காப்பாற்றுகிற தட்டுகளைத் தாய்த்தட்டு என்போம். தாய்த்தட்டிலிருந்து குடுவைக்குப் போகும், குடுவையிலிருந்து பெரிய தொட்டிக்குப் போகும். தொட்டியில் கஞ்சி மாதிரி பெருகியதை வடித்து மருந்தைப் பிரிப்பார்கள்.

ஆக, தாய்த்தட்டு செத்தால் எல்லாம் செத்தது. இன்றைக்கு மாதிரி உறைய வைத்துச் சேமிக்கிற வசதியெல்லாம் அப்போது எங்களிடம் இல்லை. உயிரோடு இருந்தது அலமாரியில் இருந்த அந்தத் தட்டுகள் மட்டும்தான்.

பழகுகிற காலம் முழுக்கப் பூஞ்சைப் பயம். எண்ணெய் வைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது, பவுடர் கூடாது. வளையலும் கழுத்துச் செபமாலையும் வெளி அலமாரியில் இருக்க வேண்டும். முழங்கை வரை சோப்பு, பிறகு ஸ்பிரிட். சுத்தக் காற்று வீசும் மேடையின் முன்னால் உட்கார்ந்து, இடுக்கியைச் சுடரில் காட்டி, ஆற விட்டு, தட்டை ஒரு விரல் அளவுதான் திறக்கலாம். திறந்த தட்டின் மேல் பேசக் கூடாது. ஒரு தும்மல் போதும், நாலாவது நாள் வெள்ளைக் கூழின் மேல் பச்சையாக ஒரு புள்ளி நிற்கும். ஸ்பிரிட் காயாத கையைச் சுடருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் புறங்கையில் தீ ஓடியபோதுகூட நான் கத்தவில்லை. தட்டு திறந்திருந்தது, அதனால் வாயை இறுக மூடிக்கொண்டேன். அம்புட்டுப் பயம்.

இத்தனை பயத்துக்கும் மேலே ஒரு பயம் இருந்தது. அதுதான் சுந்தரவல்லி மேடம்.

மேடம்தான் எங்கள் பிரிவுக்குத் தலைவி. டாக்டர் பட்டம் பெற்றவர். ஆயிரக்கணக்கான கட்டிகளிலிருந்து அந்த ஒரு வகையைத் தேடிப் பிடித்ததும் அவர்தான். குரலை உயர்த்தவே மாட்டார். சாதாரணமாக இருக்கும்போது எங்களை வா, போ, "ஏ புள்ள" என்பார். கோபம் வந்தால் மரியாதை ஏறிவிடும். "வாங்க லூர்து மேரி, உட்காருங்க" என்று சொன்னார் என்றால் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவேன். கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியால் துடைத்துக்கொண்டே, கேட்ட கேள்வியையே அதே வார்த்தையில் மூன்று தடவை கேட்பார். மூன்றாவது தடவை நாம் செய்யாத தப்பையும் செய்தேன் என்று சொல்லத் தோன்றும்.

சில வருடத்தில் தாய்த்தட்டுகளை என் பொறுப்பில் விட்டார். அவ்வளவு பேர் இருக்க எனக்கு ஏன் என்றால், பயப்படுகிறவள் கவனமாக இருப்பாள் என்றார். வேறு யாரும் அவற்றைத் தொடக்கூடாது. தட்டில் இருப்பதில் எதை எடுப்பது என்று கேட்டேன். தன் கைப்பட எழுதிய செய்முறைத் தாளைக் காட்டினார். "வெண்மையான, உதிரியான, நன்கு வளரும் பகுதியைத் தேர்ந்தெடுக்கவும்."

அதை எனக்குச் சொல்லியா தர வேண்டும்? எங்கள் வீட்டில் நாற்றுப் பறிக்கிற நாளில் நோஞ்சான் நாற்றையும் பழுப்பு நாற்றையும் ஒதுக்கி வரப்பில் போடுவது சின்ன வயதிலிருந்தே என் வேலை. அப்பா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அதே கையோடு தட்டில் உட்கார்ந்தேன். கொழுகொழுவென்று வெள்ளையாகப் பொலபொலவென உதிர்கிறதை எடுத்தேன். இறுகிப்போய், வளராமல், பழுப்பேறிக் கிடந்த கட்டிகளைப் பழைய தட்டிலேயே விட்டு வேகவைக்க அனுப்பினேன். பழைய தட்டுகளைக் கழுவும் முன்னால் ஆட்டோகிளேவில், அதாவது பெரிய குக்கர் மாதிரி இருக்கும் நீராவிப் பெட்டியில், வைத்துக் கொல்ல வேண்டும் என்பது விதி. என் தட்டுகள் மல்லிகைப்பூ இட்லி மாதிரி இருந்தன. வந்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். தொட்டிகளில் சதை பொங்கி வழிந்தது.

இனி தனலெட்சுமி. நாங்கள் தனம் என்போம். கறம்பக்குடிப் பக்கம். மீடியா செய்வதும் தட்டுகளை வேகவைத்துக் கழுவுவதும் அவள் வேலை. எனக்கும் அவளுக்கும் ஆகாது. நான் பயப்படுவதைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு. "ஏ லூர்து, மேடம் இன்னிக்கு லீவு, மூச்சு விட்டுக்கடி" என்று எல்லார் முன்னாலும் சொல்வாள். நான் உம்மென்று போய்விடுவேன்.

மீடியாவில் கலக்கும் வளர்ச்சி ஊக்கி மில்லிகிராம் கணக்கு. கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் தராசில் நிறுக்க வேண்டும். மூச்சுக் காற்று பட்டாலே எண் ஆடும். ஒருத்தர் நிறுக்க வேண்டும், இன்னொருத்தர் பக்கத்தில் நின்று எண்ணைப் பார்த்துப் பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது வழக்கம். தனம் நிறுக்கும்போது சாட்சி நான்தான். அவள் வாய்தான் அப்படி, கை அப்படி இல்லை. ஒரு தடவை நிறுத்து, தாளைத் தட்டிவிட்டு, மறுபடி நிறுப்பாள். பயந்த சுபாவக்காரி நான், ஒரு தடவைகூடக் கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

அப்புறம்தான் மருந்து குறைய ஆரம்பித்தது.

முதலில் கொஞ்சமாகத்தான் குறைந்தது. பிறகு மாதா மாதம் இறங்கியது. சதை முன்னைவிட நன்றாக வளர்கிறது. ஆனால் பிழிந்தால் மருந்து இல்லை. தண்ணீரைச் சோதித்தார்கள், சர்க்கரையை மாற்றினார்கள், தொட்டியைப் பிரித்துப் பூட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மேடம் எங்களை வா, போ என்பதை நிறுத்திவிட்டார். இடைவழியில் எதிரே வந்தால் "வணக்கங்க" என்பார். கம்பெனி முழுக்கக் குசுகுசு. இந்தப் பிரிவையே மூடப்போகிறார்கள் என்றார்கள்.

வளர்ச்சி ஊக்கி கூடிப்போனால் சதை கொழுக்கும், மருந்து குறையும். இது படித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். தராசைச் சோதித்தார்கள், சரியாக இருந்தது. தராசு சரி என்றால் நிறுத்த ஆள்தானே? எல்லார் கண்ணும் தனத்தின் பக்கம் திரும்பியது. தனம் பக்கம் திரும்பினால் அடுத்தது சாட்சிக் கையெழுத்துப் போட்ட என் பக்கம்தான் திரும்பும். கோயிலுக்குப் போனால்கூடப் பதிவேடுதான் கண்ணுக்குள் நின்றது.

ஒரு புதன்கிழமை மத்தியானம், என் தட்டில் தப்பில்லை என்று காட்ட ஒரு வழி தோன்றியது. சோதனை அறையில் ஒரு புற ஊதா விளக்குப் பெட்டி உண்டு. மருந்துச் சத்து உள்ள சதையை அதற்குள் வைத்தால் நீலமாக ஒளிரும். மேடம் அந்த வகையைத் தேடிப் பிடித்ததே இந்தப் பெட்டியை வைத்துத்தான். அளக்கிற பெரிய இயந்திரம் வந்தபின் யாரும் அதைத் தொடுவதில்லை, மேலே தூசி படிந்து கிடந்தது. என் தாய்த்தட்டு நீலமாக மின்னினால், தட்டு நல்லது, கெட்டது தனத்தின் மீடியாதான் என்று ஆகிவிடும் அல்லவா? ஆமாம், அவளை மாட்டிவிடத்தான் போனேன். அதை மறைத்துப் பயனில்லை.

எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். என் அழகான வெள்ளைத் தட்டு ஒன்றை உள்ளே வைத்து, பெட்டியை மூடி, விளக்கைப் போட்டு, மேல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை, கும்மிருட்டு. விளக்கு கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். வேகவைக்கக் கொண்டுபோகிற பழைய தட்டு ஒன்று கையில் இருந்தது. சும்மா அதை வைத்துப் பார்த்தேன்.

கேஸ் அடுப்பைப் பற்றவைத்த மாதிரி நீலம்.

பழுப்புக் கட்டிகள் ஒவ்வொன்றும் எரிந்தன. மறுபடி வெள்ளைத் தட்டை வைத்தேன், இருட்டு. பழுப்பை வைத்தேன், நீலம். அம்மாடி! நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். மருந்து செய்கிற சதை மெதுவாக வளரும், இறுகிப் பழுப்பாக இருக்கும். மருந்து செய்யாத சதைக்கு வேறு வேலை இல்லை, கொழுத்து வளரும். நான் மூன்று வாரத்துக்கொரு முறை, வருடக்கணக்கில், சோம்பேறியைத் தேடித் தேடி எடுத்துவைத்து, உழைக்கிறதை எல்லாம் வேகவைக்க அனுப்பியிருக்கிறேன். மேடம் முதலில் கொடுத்த தட்டில் எல்லாமே மருந்து செய்கிறவையாகத்தான் இருந்திருக்கும். அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தது என் கைதான்.

விளக்கை அணைத்தேன். அந்த ஒரு தட்டை மட்டும் தாளில் சுற்றி, கல்ச்சர் அறையில் கீழ் அலமாரியின் பின்பக்கம் ஒளித்துவைத்தேன். பெயர் எழுதாத தட்டை உள்ளே வைப்பதே வேலை போகிற குற்றம். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை விசாரணை. மேடம் அறையில் தனமும் நானும் நின்றோம்.

"தனலெட்சுமி, ஊக்கிய எத்தன தடவ நிறுத்தீங்க?"

"ரெண்டு தடவ மேடம். எப்பயும் ரெண்டு தடவதான்."

"எத்தன தடவ நிறுத்தீங்க?"

"ரெண்டு தடவ மேடம்."

"சரிங்க. அப்ப ரெண்டு தடவையும் தப்பா நிறுத்திருக்கீங்க."

தனம் என்னைக் கை காட்டினாள். "லூர்து பக்கத்துலதான மேடம் நின்னுச்சு. பாத்துத்தான கையெழுத்துப் போட்டுச்சு. கேளுங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க எண்ணப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டீங்களா, லூர்து மேரி?"

பார்த்தேன் என்று சொன்னால், மீடியா சரி என்று ஆகும். மீடியா சரி என்றால் தட்டுதான். தட்டு என்றால் நான். இந்தக் கணக்கு என் மண்டைக்குள் ஒரு நொடியில் ஓடியது.

"எப்பயாச்சும் வேலை அவசரத்துல... பாக்காமக் கையெழுத்துப் போட்டுருக்கேன் மேடம்" என்றேன்.

தனம் என் பக்கம் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். வெளியே வந்ததும் நேரே தன் வேலைக்குப் போய்விட்டாள். எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

அந்த வாரம் தாய்த்தட்டு மாற்றுகிற வாரம். வியாழனும் வெள்ளியும் மேடம் எனக்குப் பின்னால் நின்றே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதை எடுத்தேன் தெரியுமா? வெள்ளையைத்தான். பழுப்பை எடுத்தால் ஏன் என்று கேட்பாரே! தெரிந்தே எடுத்தேன். மிச்சமிருந்த பழுப்புக் கட்டிகளோடு பழைய தட்டுகள் தனத்திடம் போயின. தன் பக்கம் சாட்சி சொல்லக்கூடிய பொருளை அவளே வண்டியில் தள்ளிக்கொண்டு போய், மூடியை முறுக்கி வேகவைத்தாள். ஆவி சீறுகிற சத்தம் எனக்கு இங்கே கேட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளை அனுப்பிவிட்டார்கள். எடைப் பிழை என்று எழுதியாகிவிட்டது. வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கல்ச்சர் அறைக் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்று தட்டினாள். "ஏ லூர்து! நீயாச்சும் நெசத்தச் சொல்லுடி. ரெண்டு தடவ நிறுத்தேன்ல?" காற்று மேடையின் இரைச்சலில் கேட்காத மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

சனிக்கிழமை காலையில், ஒளித்துவைத்த தட்டை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன். அவள் இருக்கிற வரை வராத தைரியம், அவள் போன மறுநாள் எப்படி வந்தது? சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. தப்புக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது, இனி நான் சொன்னால் அது கண்டுபிடிப்பு. அதுதான் காரணம்.

மேடம் பெட்டிக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு கோப்பை எடுத்துச் செய்முறைத் தாளைப் புரட்டினார். தன் கையெழுத்தில் இருந்த அந்த வரியை விரலால் தடவினார். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். எனக்கு மேலே இருந்தவருக்கும் மேலே ஆள் உண்டே! அந்தத் தாளை உருவி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வெள்ளைத் தாளில் புதிதாக எழுதினார்.

"இத நீங்க இன்னிக்குத்தான் கண்டுபுடிச்சீங்க. இல்லீங்களா?"

அந்த 'ங்க' போதும் எனக்கு. "ஆமா மேடம்."

"நல்ல கண்ணுங்க ஒங்களுக்கு."

"தனம்..." என்று இழுத்தேன்.

"அவங்க விசயம் முடிஞ்சிருச்சுங்க."

அந்த ஒரு தட்டில் பதினோரு கட்டிகள் இருந்தன. ஆறில் பூஞ்சை வந்தது. மூன்று காய்ந்துபோயின. இரண்டுதான் தேறின. அந்த இரண்டும் வளர எடுத்துக்கொண்ட மாதங்களில் நான் தூங்கியது கொஞ்சம். இன்றைக்கு நீங்கள் வைத்திருக்கும் தட்டுகள் முழுக்க அந்த இரண்டின் வம்சம். மருந்து திரும்பி வந்தது, பிரிவு பிழைத்தது, என்னை மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். மேடம் என்னை மறுபடி "ஏ புள்ள" என்று கூப்பிடவே இல்லை, கடைசி வரை வாங்க போங்கதான். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மேல் பாரத்தைப் போட்டுத் தப்பிக்க நான் இதை எழுதவில்லை. அவர் எழுதியது ஒரு வரி. கண்ணால் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டவள் நான்.

அதன்பின் கறம்பக்குடி என்று பலகை போட்ட பஸ்ஸைப் பார்த்தாலே எனக்குப் படபடப்புதான். ஒருதரம் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் தனம் மாதிரி ஒருத்தி எதிரே வந்தாள். கையில் காய்கறிப் பையோடு பக்கத்தில் நின்ற மீமிசல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். கண்டக்டர் "எங்கிட்டும்மா?" என்றார். அறந்தாங்கி என்று டிக்கெட் வாங்கி, அறந்தாங்கியில் ஒரு வேலையும் இல்லாமல் இறங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். வீட்டில் கேட்டதற்கு பஸ் கிடைக்கவில்லை என்றேன். இதைச் சொன்னால் சிரிப்பாக இருக்கும். எனக்கு அன்றைக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

நிவேதா கேட்டபின், இதுவரைக்கும் எழுதியதை எடுத்துக்கொண்டு போன வாரம் கறம்பக்குடிக்குப் போனேன். அச்சில் வருவதற்கு முன் அவள் கேட்க வேண்டும் என்று தோன்றியது. விசாரித்துக்கொண்டே போனேன். வாசலில் கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். "வா" என்றாள். மருமகள் தண்ணீர் கொண்டுவந்தாள். தனத்துக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்பதால் நானே முழுவதும் படித்துக்காட்டினேன். பாதியில் இரண்டு தடவை நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். அவள் கடலையைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

முடித்ததும் அவள் கேட்டது நான் எதிர்பார்த்தது இல்லை.

"அப்ப அந்த மருந்தத் தின்னவங்க யாரும் சாகலயா?"

எனக்குப் புரியவில்லை. "என்ன தனம்?"

"நான் தப்பா நிறுத்துக் கலந்துட்டேன்னுதான அனுப்புனாங்க. அது எங்கிட்டெல்லாம் போச்சோ, எந்தப் புள்ளத்தாச்சி தின்னாளோ, எந்தக் கெழவன் தின்னானோ, யாருக்கு என்ன ஆச்சோன்னு... இத்தன வருசமும் இதே நெனப்புத்தான். பேப்பர்ல மருந்து தின்னு செத்தாங்கன்னு போட்டா, நம்ம மருந்தா இருக்குமோன்னு எம் மகன வாசிக்கச் சொல்லுவேன்."

இத்தனை வருடமும் அவளிடம் மாட்டிக்கொள்வேனோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவள் பயந்தது இதற்கா?

"யாருக்கும் ஒண்ணும் ஆகல தனம். மருந்து கொறஞ்சுச்சு, அம்புட்டுத்தான். கெட்டுப்போகல. சோதிச்சுப் பாக்காம ஒரு சொட்டு வெளிய போகாது."

"பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கக் கூப்புட்டாக. புள்ளைக திங்கிற சோத்துக்கு உப்ப அளந்து போடணும்ல? பயமாருந்துச்சு. வேணாம்னுட்டேன். கடல பறிக்கத்தான் போனேன், அதுல அளக்க ஒண்ணுமில்ல." கடலையைக் கிளறுவதை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். "அப்ப என் கை சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சு."

"ரெண்டு தடவையும்?"

"ரெண்டு தடவையும் தனம். நான் பாத்தேன்."

அவள் அழவில்லை. அழுதது நான்தான். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். மருமகளைக் கூப்பிட்டு, தாள்களை ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்துத் திருப்பூரில் இருக்கும் மகனுக்கு அனுப்பச் சொன்னாள். பேனா ஒன்று கொண்டுவரச் சொல்லி, கடைசித் தாளை என் பக்கம் நகர்த்தினாள்.

"அடியில கையெழுத்துப் போடு. இந்தத் தடவையாச்சும் பாத்துப் போடு."